போர்வைக்குள் ஒரு கிருமி – 6: கண்ணில் விழுந்த எகிப்து

தங்கச்சிமடத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணைத் திறந்துகொண்டு நடப்பதே ஒரு வித்தை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய ஒரு மணல் திட்டு. அதன் மேல்தான் ஊர். காற்று ஒரு கடலில் கிளம்பி மறு கடலுக்குப் போகிற வழியில், கையில் கிடைத்த மணலை நம் முகத்தில் வீசிவிட்டுப் போகும்.

இந்த அத்தியாயத்துக்காகப் போயிருந்தபோது எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது. கருவாடு காயப்போட்டிருந்த ஓர் அம்மா பார்த்துவிட்டார். "மண்ணு விழுந்துருச்சா தம்பி? கசக்காதீங்க. இந்தாங்க, இதுல ஒத்துங்க" என்று முந்தானையை நீட்டினார்.

ஐந்து வாரமாக இந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ஒரு கணம் தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தின் கதைதான் இந்த வாரம். மணலா, துணியா? குற்றவாளி யார்? இந்தக் கேள்விக்காக ஒரு பேரரசின் மருத்துவர்கள் இருபது வருடம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் எச்சமாக ஒரு கட்டடம் இன்றும் சென்னையில் நிற்கிறது.

✦

இதுவரை வந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கிளமிடியா என்பது தனி ஆள் அல்ல, ஒரு குடும்பம். கிளிகளிடமிருந்து மனிதன் நுரையீரலுக்குத் தாவும் 'சிட்டசி' அதில் ஒருவன். ஆளுக்கு ஆள் இருமலில் பரவி நிமோனியா தரும் 'நிமோனியே' இன்னொருவன். குடும்பத்தின் மூத்த போக்கிரி 'டிரக்கோமாடிஸ்'. இவனே மூன்று வேடம் போடுவான். ஏ, பி, சி வகைகள் கண்ணிமைக்குள் குடியேறும், அந்த நோய்தான் டிரக்கோமா. டி முதல் கே வரையிலான வகைகள் பிறப்புறுப்பில் சத்தமின்றித் தங்கி, பெண்ணின் கருக்குழாயை அடைத்துக் குழந்தைப்பேற்றைத் தடுக்கும். பிறக்கும் குழந்தையின் கண்ணையும் தொடும். எல் வகை, நம் ஊர்ப் பெரியவர்கள் அரையாப்பு என்பார்களே, அந்த நெறிக்கட்டைத் தொடை இடுக்கில் உண்டாக்கும்.

ஒரு மில்லிமீட்டரை மூவாயிரம் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு, அவ்வளவுதான் இந்தக் கிருமியின் உருவம். நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கே ஒரு பைக்குள் பதுங்கிப் பெருகி, இரண்டு மூன்று நாளில் அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். வெளியே தனியாக வளரத் தெரியாது.

2024 அக்டோபரில், டிரக்கோமா இனி இந்தியாவின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததைப் போன வாரம் பார்த்தோம். தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் நேபாளம், மியான்மருக்கு அடுத்து மூன்றாவது நாடு நாம். முடிவைச் சொல்லியாயிற்று. இனி பின்னோக்கிப் போவோம்.

✦

1801.

இந்த வருடத்தைச் சொன்னால் ராமநாதபுரம் சீமையில் எவருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அந்த ஜூன் மாதம் மருது சகோதரர்களின் ஜம்புத்தீவு பிரகடனம் வெளியானது. அக்டோபர் 24 அன்று அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நடுவில் இருந்த மாதங்களில் காளையார்கோவில் காடுகளில் கம்பெனிப் படை திணறிக்கொண்டிருந்தது.

அதே கம்பெனி, அதே மாதங்களில், இன்னொரு படையைப் பாலைவனத்தில் நடத்திக்கொண்டிருந்தது. நம் பாடநூல்களில் அந்தப் படை வருவதில்லை.

1800ஆம் ஆண்டின் கடைசி நாட்கள். தங்கச்சிமடத்திலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால், இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் சேர்ந்தன. பொறுப்பில் இருந்தவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்தான். படை எங்கே போகிறது? முதலில் மொரீஷியஸ் என்றார்கள். பிறகு ஜாவாவின் பத்தாவியா என்றார்கள். பத்தாவியா என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வந்த உத்தரவு வேறு: எகிப்து.

எகிப்தில் பிரெஞ்சுப் படை உட்கார்ந்திருந்தது. 1798 ஜூலையில் நெப்போலியன் அலெக்சாந்திரியாவில் இறக்கிவிட்ட படை அது. அவர் மறு வருடமே தப்பி பிரான்சுக்குப் போய்விட்டார், சிப்பாய்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒரு பிரிட்டிஷ் படை அடிக்க வேண்டும், செங்கடல் வழியாக இந்தியப் படை ஏறிப்போய் இடுக்கிப்பிடி போட வேண்டும். லண்டனில் வரைபடத்தை விரித்து வைத்துப் போட்ட கணக்கு.

தலைமை வெல்லெஸ்லியிடமிருந்து பறிக்கப்பட்டு மேஜர் ஜெனரல் டேவிட் பேர்டிடம் போனது. வெல்லெஸ்லிக்கு மனக்கசப்பு. பம்பாயில் காய்ச்சலும் தோல் அரிப்பும் வந்து படுத்துவிட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய 'சூசன்னா' கப்பல், செங்கடலில் அத்தனை பேரோடும் மூழ்கியது. ஒரு சொறி இல்லாமல் போயிருந்தால் வாட்டர்லூவுக்கு வேறு தளபதி தேடியிருக்க வேண்டும். வரலாறு சில நேரம் இப்படித் தோல் வழியாகவும் திரும்பும்.

✦

பேர்டின் படையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வெள்ளைக்கார ரெஜிமெண்ட்டுகள், பம்பாய் சிப்பாய்கள், வங்காளத் தொண்டர் படை, இவற்றோடு மதராஸ் பீரங்கிப் படையினர், மதராஸ் பயனியர்கள். பயனியர் என்றால் பாதை வெட்டுகிறவன், கிணறு தோண்டுகிறவன். பெங்களூரில் தலைமையகம் கொண்ட இன்றைய மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் முன்னோர்கள் இவர்கள். அந்தப் படைப்பிரிவின் போர் விருதுகளில் 'எகிப்து' என்ற சொல்லும் ஸ்ஃபிங்க்ஸ் உருவமும் இருப்பது இந்தப் பயணத்தால்தான்.

1801 ஜூனில் செங்கடல் கரையில் குசைர் என்ற ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து நைல் நதிக்கரைக் கெனா வரை நூறு மைலுக்கு மேல் பாலை. கோடை உச்சம். தோல் பைகளில் தண்ணீர், பைகள் ஒழுகின. இரவில் நடந்து பகலில் படுத்தார்கள். பயனியர்களுக்கு வழியெல்லாம் கிணறு தோண்டும் வேலை.

பெரிய சண்டை எதையும் இந்தப் படை பார்க்கவில்லை. இவர்கள் மணலில் நடந்துகொண்டிருக்கும்போதே ஜூன் 27 அன்று கெய்ரோ சரணடைந்தது. நைலில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தபோது அலெக்சாந்திரியாவும் பணிந்துவிட்டது. எதிரியைப் பார்க்காமலே போர் முடிந்தது.

எதிரி முடிந்துவிடவில்லை.

படையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் மெக்ரிகோர், ஸ்காட்லாந்துக்காரர். பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவத் துறையையே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆண்டவர். எது கண்ணில் பட்டாலும் குறித்து வைக்கிற ஆள். இந்தியாவிலிருந்து எகிப்துக்குப் போன படையின் மருத்துவ வரலாற்றை 1804இல் புத்தகமாகவே போட்டார். அதில் தனியே நிற்கிற இரண்டு நோய்கள், பிளேக்கும் கண்நோயும்.

காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் சீழ். கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல உறுத்தல். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. பிரெஞ்சுக்காரர்களை மூன்று வருடமாக வாட்டியதும் இதுதான். படைகள் ஊர் திரும்பியபோது நோயும் கப்பலேறியது. ஐரோப்பா அதற்கு 'எகிப்தியக் கண்நோய்' என்று பெயர் வைத்தது.

நோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது ஒரு வசதி. குற்றம் அந்த ஊரோடு தங்கிவிடும். நமக்கும் இது தெரிந்த அவமானம்தான். உலகத்துக்கே வருகிற வைரஸ் கண்வலிக்கு 'மெட்ராஸ் ஐ' என்று பட்டம் கட்டினார்களே. (அது வேறு கிருமி. இந்தத் தொடரில் அதற்கு வேலையில்லை.)

✦

இப்போது வழக்குக்கு வருவோம்.

பிரெஞ்சு மருத்துவர்கள் சொன்னது: எகிப்தின் வெயில் கூச்சம், காற்றில் பறக்கும் உப்புத் தூசி, பகல் வெக்கைக்குப் பின் இறங்கும் இரவுப் பனி. மொத்தத்தில் மண்ணின் குணம். பிரிட்டிஷ் மருத்துவர்களில் பெரும்பாலோரும் தலையாட்டினார்கள். பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். கண்ணுக்குள் மணல் இருப்பது போலிருந்தால், வெளியே மணலும் இருந்தால், வேறு என்ன நினைப்பான்?

ஆனால் ஒரு சங்கடம். மணல் எகிப்திலேயே தங்கிவிட்டது. நோய் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது.

1805 ஆகஸ்டு. எகிப்திய மணலுக்கும் வெயிலுக்கும் துளி சம்பந்தமில்லாத ஈரமான இங்கிலாந்து. 52ஆம் ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாளத்தில் கண்நோய் வெடித்தது. எழுநூறு பேருக்குச் சற்று மேற்பட்ட பட்டாளம். ஒரே வருடத்தில் 636 முறை மருத்துவமனைச் சேர்க்கை. 50 பேருக்கு இரண்டு கண்ணும் போயின. 40 பேருக்கு ஒரு கண்.

கணக்கெடுத்தவர் ஜான் வெட்ச் என்ற இளம் ராணுவ மருத்துவர். அவர் காற்றைப் பார்க்கவில்லை. சிப்பாய்கள் முகம் கழுவுவதைப் பார்த்தார். ஒரே தண்ணீர், ஒரே துண்டு, நெருக்கியடித்த படுக்கைகள். நோய் காற்றில் வரவில்லை, ஒருவன் கண்ணின் சீழ் இன்னொருவன் கண்ணைத் தொட்டால்தான் வருகிறது என்று 1807இல் எழுதினார். நோயாளியைப் பிரித்து வை, துண்டைப் பிரித்து வை. அவர் வைத்தியத்தின் சாரம் அவ்வளவுதான்.

இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு இது பெரிய வம்பு. தொற்று என்று ஒப்புக்கொண்டால் பட்டாளங்களைக் கலைக்க வேண்டும், கப்பல்களைத் தடுக்க வேண்டும், பாசறைகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். மண்ணின் குணம் என்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மருத்துவச் சண்டை வருடக்கணக்கில் நீண்டதற்கு இந்தச் செலவுக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 1818 வாக்கில், கண்நோயால் பார்வை இழந்து பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியப் பட்டியலில் இருந்தவர்கள் 5,000 பேருக்கு மேல். செலவு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

✦

நடுவில் லண்டனில் ஒரு சிறு காரியம் நடந்தது.

1805இல் ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் என்ற மருத்துவர், கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் ஒரு தர்ம மருந்தகம் திறந்தார். அதுவரை கண் வைத்தியம் பெரும்பாலும் ஊர் சுற்றிகளின் பிழைப்பு. படையோடு வந்த கண்நோய் அதைத் தனித் துறையாக்கியது. அந்த மருந்தகம்தான் பின்னர் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை. 1810இல் சாண்டர்ஸ் இறந்ததும் பெஞ்சமின் டிராவர்ஸ் பொறுப்பேற்றார். டிராவர்ஸுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்.

கம்பெனி இயக்குநர்கள் யோசித்தார்கள். கண் போன சிப்பாய் இரட்டை நட்டம். டிராவர்ஸிடம் பயின்ற ராபர்ட் ரிச்சர்ட்சனைக் கப்பலேற்றினார்கள். 1819இல் அவர் மதராஸ் வந்து, ராயப்பேட்டையில் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. 1884இல் அது எழும்பூருக்கு இடம் மாறியது. கண்ணாடிக்குச் சீட்டு வாங்க நம்மில் எத்தனையோ பேர் வரிசையில் நின்ற அதே எழும்பூர் கண்ணாஸ்பத்திரிதான்.

அதற்கு முன் தமிழ்நாட்டில் கண் வைத்தியம் இல்லாமலா இருந்தது? சித்த மருத்துவம் கண்ணோய்களை 96 என்று எண்ணி வைத்திருக்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி, ரிச்சர்ட்சனின் காலத்திலேயே, கண் நோயாளிகளை ஒவ்வொருவராகக் குறித்து, கண்ணைப் படமாகவும் வரையவைத்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கண் மருத்துவத்துக்கு 1819 தொடக்கம் அல்ல. ஒரு கிருமியின் உலகப் பயணம் நம் ஊரில் கட்டடமாக நின்ற வருடம், அவ்வளவே.

✦

மறுபடி தங்கச்சிமடம்.

ஊர்ப்பெயரிலேயே மடம் இருக்கிறது. பக்கத்திலேயே அக்காள்மடம். அக்காளும் தங்கையும் ராமேஸ்வர யாத்திரிகர்களுக்காகக் கட்டிய மடங்கள் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, மடங்கள் எதற்கு என்பதில் சந்தேகமில்லை. காசியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நடந்தே வந்தவர்கள் இந்த மணலில் தங்கித்தான் ராமநாதரைப் பார்க்கப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கும் வரை கடலைத் தோணியில் தாண்ட வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் அடுக்கிய காரணங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். மணல் இருக்கிறது. வெயில் கூச்சம் இருக்கிறது. உப்புக் காற்று இருக்கிறது. பிற்கால மருத்துவம் சேர்த்துக்கொண்ட ஈயும் இருக்கிறது, கருவாட்டுக் களத்தில் வேண்டிய மட்டும். நோய் மிகுந்த வட மாநிலங்களிலிருந்து யாத்திரிகர்களும் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஆனால் 1956இல் சோதனை முயற்சி தொடங்கி, 1963இல் தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டமாக வளர்ந்த காலத்தில், நோயின் கோட்டை பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், குஜராத் என்று வடக்கிலும் மேற்கிலும்தான் இருந்தது. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல். தமிழகம் அந்த வரிசையில் இல்லை.

இந்தத் தீவில் வலை இழுக்கிறவர்களின் கண்ணைப் பார்த்தால் வெள்ளை விழியின் ஓரத்திலிருந்து கருவிழிக்கு ஏறும் ஒரு சதை தெரியும். வெயிலும் காற்றும் வருடக்கணக்காகச் செய்கிற வேலை அது. கிருமி இல்லை. மணலும் வெயிலும் கண்ணுக்குக் கெடுதல் செய்யாது என்று நான் சொல்லவில்லை. அவற்றின் கைரேகை வேறு.

டிரக்கோமாவின் கைரேகை மேல் இமையின் உட்புறத்தில் இருக்கும். இமையைப் புரட்டினால் ஊறிய ஜவ்வரிசி போல மணிமணியாக. ஒரு முறை வந்து போனால் பார்வை போகாது. தாய்க்கும் பிள்ளைக்கும், பிள்ளைக்கும் தங்கைக்கும், ஒரே தலையணையில், ஒரே முந்தானையில், பல முறை கைமாற வேண்டும். அப்போதுதான் மணி ஆறி வடுவாகும், வடு இமையைச் சுருட்டும், இமைமயிர் உள்ளே திரும்பிக் கருவிழியைச் சுரண்டும். முப்பது நாற்பது வருட வேலை.

✦

இங்கேதான் வெட்சின் கணக்கில் ஓர் ஓட்டை தெரிகிறது.

முப்பது வருடத்தில் குருடாக்குகிற நோய் என்றால், 52ஆம் ரெஜிமெண்ட்டில் ஒரே வருடத்தில் 50 பேரின் இரு கண்ணையும் பிடுங்கியது எது?

துணிதான் வழி என்றதில் வெட்ச் சரி. ஆனால் அந்தத் துண்டில் ஒரு கிருமி இல்லை. குறைந்தது இரண்டு, ஒருவேளை அதற்கும் மேல். ஒன்று வெறியோடு பாய்கிறது, நாட்களில் கண்ணைத் தின்கிறது. இன்னொன்று அதன் கூச்சலுக்குப் பின்னால், அவசரமில்லாமல், இமைக்கடியில் படுத்திருக்கிறது. எகிப்தியக் கண்நோய் என்ற ஒற்றைப் பெயர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

வெறியனை 1879இல் பிடித்தார்கள். ஆல்பர்ட் நெய்சர் என்ற ஜெர்மானிய இளைஞர், மேகவெட்டைச் சீழில் நுண்ணோக்கி வழியாக இரட்டை இரட்டையாகக் கிடந்த கோனோகாக்கஸைக் கண்டார். பிறந்த குழந்தையின் சீழ்க்கண்ணிலும் அதுவே இருந்தது.

1883இல் ராபர்ட் கோக் காலரா தேடி எகிப்துக்குப் போனவர், போன இடத்தில் கண் நோயாளிகளையும் விடவில்லை. இந்தியப் படை மருத்துவர்கள் திகைத்து நின்ற அதே அலெக்சாந்திரியா. காசநோய்க் கிருமியை முந்தைய வருடம்தான் கண்டுபிடித்திருந்த கண்கள். நெய்சரின் கிருமியைப் பார்த்தார். கண்வலி உண்டாக்கும் இன்னொரு சிறு கோல்வடிவக் கிருமியையும் பார்த்தார். வழக்கு முடிந்தது என்றே தோன்றியது.

ஜவ்வரிசி மணிகளை உண்டாக்கியது அந்த இரண்டுமே இல்லை. மூன்றாவது ஆள் கோக்கின் நுண்ணோக்கிக்கு அடியிலேயே படுத்திருந்து தப்பித்தான்.

இருபத்து நான்கு வருடம் கழித்து, அதே நெய்சர், வேறு ஒரு நோய்க்காக, மனிதக் குரங்குகளைத் தேடி ஜாவாவுக்கு ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தார். திருகோணமலையில் சேர்ந்த படை போகாமல் விட்டதே, அந்தப் பத்தாவியா. குழுவில் இருந்த இருவர், டிரக்கோமா நோயாளியின் இமையைச் சுரண்டி எடுத்ததை ஓர் உராங்குட்டானின் இமையில் தடவினார்கள். சில நாள் கழித்து அந்த இமையைச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது, உயிரணுவின் உட்கருவுக்குப் பக்கத்தில், தொப்பி போட்டாற்போல ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் புள்ளி புள்ளியாக.

பாக்டீரியா என்றால் கிண்ணத்தில் வளர வேண்டும், இது வளரவில்லை. வைரஸ் என்றால் நுண்ணோக்கியில் தெரியக் கூடாது, இது தெரிந்தது. அப்படியென்றால் அந்தத் தொப்பிக்குள் இருந்தது என்ன?

(தொடரும்)